ரவிக்கைப் பூ

என் வீட்டுக்காரர் கணேஷ்குமாருக்கு வருஷம் முழுக்கத் தமிழ் வராது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; வீட்டில் பேசுவதே பாதிக் கன்னடம்தான். அப்பேர்ப்பட்டவருக்குப் போன சங்கராந்தி அன்று காலையில் மாமியாரிடம் சுத்தத் தமிழில் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது. வந்த வினையெல்லாம் அந்தத் தமிழால்தான்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பாப்பாத்தி. எல்லையோரம் தமிழ் பேசுகிற ஊரான கௌதள்ளிப் பெண். கட்டட வேலைக்கு வந்த அப்பாவோடு கல்யாணம் ஆன புதிதில் மைசூருக்கு வந்தவள். ஹெப்பாளில் இருக்கும் இந்த வீட்டை அப்பாவே நின்று கட்டினார். முன்னால் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார். கார் வாங்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்தில் அம்மா டேலியா போட்டாள். நானும் கணேஷும் மாடியில் இருக்கிறோம். சமையல், சாப்பாடு, சண்டை எல்லாம் கீழே அம்மாவோடுதான்.

டேலியாவைக் கன்னடத்தில் டேரே என்பார்கள். "அத்தை வாசல்ல டேரா போட்டுட்டாங்க" என்பது கணேஷுக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதையே சொல்லி, அவரே சிரித்துக்கொள்கிறார். ஆனால் அவர் சொல்வதில் தப்பும் இல்லை. மழைக்காலம் முடிந்து மொட்டு விட ஆரம்பித்துவிட்டால் அம்மா வாசலை விட்டு வரமாட்டாள். காபி வாசலில், காய் நறுக்குவது வாசலில். பெரிய பூ வர வேண்டுமென்று பக்கத்து மொட்டுகளைக் கிள்ளும்போது ஒவ்வொன்றிடமும் "கோவிச்சுக்காத கண்ணு" என்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட விடமாட்டாள். சிலிண்டரை இறக்கிய கையோடு அவர் பூவைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

பூவைப் பறிக்க மாட்டாள். சாமிக்கும் கிடையாது. கேட்டால், "சாமிக்குக் கண்ணில்லையா? வந்து பாத்துக்கட்டும்" என்பாள். கிழங்கையும் யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

அந்தத் தோட்டத்தில் ரவிக்கைப் பூ என்று ஒன்று உண்டு. அதை யாரும் வாங்கவில்லை, நடவும் இல்லை. உதிர்ந்த விதை ஒன்று சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்தது. பிடுங்கப் போன அம்மா என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். பூத்தபோது அரக்கு நிறம். ஒவ்வொரு இதழின் நுனியிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை. "அட, என்ற ரவிக்கையாட்டவே இருக்குது!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். வெள்ளைக் கரை வைத்த அரக்கு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்து பூவுக்குப் பக்கத்தில் நின்று, போட்டோ எடுக்கும் வரைக்கும் என்னை ஆபீசுக்கு விடவில்லை. நர்சரிக்காரர் ஒருவர் வந்து பார்த்து, விதையில் வந்த டேலியா இப்படித்தான், உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பூத்து முடிந்து தண்டு கறுத்ததும் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, மணலோடு சாக்கில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைப்பாள். மறுபடி நடுவது கோடை மழைக்கு அப்புறம். எந்தக் கிழங்கு எந்தப் பூ என்று தெரிய, பூவின் நிறத்திலேயே பழந்துணியைக் கிழித்து ஒவ்வொரு கிழங்கிலும் கட்டிவிடுவாள். மஞ்சள் பூவுக்குப் பழைய திரைச்சீலை, ரோஸ் நிறப் பூவுக்கு என் தாவணி. ரவிக்கைப் பூவுக்கு அந்த ரவிக்கையின் உள்மடிப்பையே கத்தரித்துக் கட்டினாள்.

இனி கனகா. பக்கத்து வீடு. தமிழ்க்காரர்கள்தான் என்றாலும் மைசூரிலேயே மூன்று தலைமுறை; "பாருங்க" என்று சொல்லும் இடத்தில் "நோடி" என்றுதான் வரும். இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் கனகா. காபித்தூள், கறிவேப்பிலை, ஊர் வம்பு எல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் போய்வரும். பூவைப் பார்க்க கனகாவைப் போல ஆள் கிடையாது. நாமெல்லாம் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்வோம். கனகா குனிந்து பார்த்து, "அக்கா, நேத்தை விட இன்னைக்கு இதுக்கு முகம் வாடியிருக்கு, நோடி" என்பாள். அம்மாவுக்கு அதுதான் வேண்டும். ஆனால் கனகா கிழங்கு கேட்டால் மட்டும், "பூவ எத்தனை நேரம் வேணா பாரு. கெழங்க மட்டும் கேக்காத" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிடுவாள்.

அந்தச் சங்கராந்திக்கு ஒன்றேகால் வருஷம் முன்னால், தசரா சமயத்தில் கனகா வீட்டுப் பின்பக்கம், பழைய பெயின்ட் பக்கெட்டில், ரவிக்கைப் பூ பூத்தது.

அம்மா எங்கள் மொட்டை மாடியில் வற்றல் காயப்போடப் போனபோது பார்த்துவிட்டாள். வற்றல் தட்டை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து சுவருக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக் கேட்டாள். கனகா மறுக்கவில்லை. சிரித்தாள்.

"கேட்டு வாங்கின செடி பொழைக்காது அக்கா. கண்ணு மறைவா எடுத்துட்டு வந்தாத்தான் தழைக்கும். ஊரெல்லாம் சொல்றதுதானே? நீங்களே தூக்கிக் குடுத்திருந்தாலும் நான் வேண்டாம்னுட்டு, நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும்தான் எடுத்துட்டு வந்திருப்பேன்."

"அதுக்குப் பேரு திருட்டு" என்றாள் அம்மா. "நீ திருடி."

"அக்கா, விளையாட்டுக்குத்தானே..."

"திருடி! என்ற ஊட்டுக்குள்ள வந்து கை வெச்ச திருடி!"

தெருவே கேட்டது. இஸ்திரி போடுகிறவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். கனகாவின் முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறென்று உள்ளே போய்விட்டாள். அம்மா அன்றைக்கே பச்சை வலைத்துணி வாங்கி வரச் சொல்லி, சுவர் நெடுக ஆள் உயரத்துக்குக் கட்டினாள். அதற்குப் பிறகு ஒரு தசரா பேச்சு வார்த்தை இல்லாமலே வந்து போயிற்று. காபித்தூள் தீர்ந்தால் அம்மா தெருக்கோடிக் கடைக்கு நடந்தாள். பூ பூத்தால் காட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டாள். எனக்கு ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். வாயெல்லாம் பல்லாக நிற்பாள், நான் "நல்லா இருக்கும்மா" என்றதும் அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கும். வலைக்கு அந்தப் பக்கம் யாரோ பக்கெட்டை நகர்த்தும் சத்தம் கேட்கும். ரெண்டு பேருக்கும் ஒரே திமிர்.

சங்கராந்திக்கு வருகிறேன். அன்றைக்கு அவித்த அவரைக்காய், நிலக்கடலை, சக்கரவள்ளி எல்லாம் இலையில் இருக்க வேண்டும். சக்கரவள்ளிக்கு எங்கள் வீட்டில் கெணசு என்று பெயர். அது கன்னடச் சொல்தான். ஆனால் சக்கரவள்ளி என்று நாங்கள் யாரும் சொல்லிப் பழகவில்லை. கெழங்கு என்றால் அது டேலியாக் கிழங்கு. இதை யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை. அப்படியே ஆகிவிட்டது.

நான் கரும்பு வாங்கப் போயிருந்தேன். அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கமே தலை வைத்துப் படுக்காத கணேஷுக்கு அன்றைக்கென்று பெண்டாட்டிக்கு உதவுவோம் என்ற ஞானம் பிறந்திருக்கிறது. கெணசு எங்கே என்று வழக்கம்போலக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். நல்ல நாள், மாமியாரிடம் மரியாதையாகப் பேசுவோம் என்று, வாசல்படியில் நின்று செய்தி வாசிப்பவர் மாதிரிக் கேட்டிருக்கிறார்: "அத்தை, கிழங்கு எங்கே இருக்கிறது?"

"கெழங்குங்களா மாப்ளை? மாடிப்படிக்குக் கீழ சாக்குல இருக்குதுங்க. மணலுக்குள்ள கெடக்கும், பதனமா எடுங்க."

நான் கரும்போடு வந்தபோது அம்மா கோலமாவுக் கையோடு கேட்டிலேயே என்னை நிறுத்தினாள். முகம் பூரித்துக் கிடந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மோகனா, மாப்ளை இன்னைக்குக் கெழங்கு எங்கன்னு கேட்டாரு கண்ணு" என்றாள்.

"எதுக்காம்?"

"எதுக்கோ. பாக்கோணும்னு ஆசையாத்தான் இருக்கும். இத்தனை வருஷத்துல ஒரு நாளாச்சும் கேட்டாரா? இன்னைக்குக் கேட்டாரு பாரு."

என் வீட்டுக்காரருக்குப் பூவின் மேல் ஆசை வராது. உள்ளே போனேன். அடுப்பில் பொங்கல் வைக்கிற பெரிய குண்டா. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. கணேஷ் தட்டில் எதையோ உரித்து வைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

"எல்லாம் ஒரே ஆளா முடிச்சுட்டேன். ஆனா இந்த வருஷம் கெணசு சரியில்லை, மோகனா. சப்புன்னு இருக்கு. தண்ணியாட்டம்."

தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத்தோடு துணிக் கிழிசல்கள் குவிந்திருந்தன. மஞ்சள், ரோஸ், வெள்ளை. நடுவில் அரக்கு.

"இதெல்லாம் என்ன?"

"கட்டியிருந்தது. பேக்கிங் போல. பிரிச்சுப் போட்டேன்."

"எத்தனை அவிச்சீங்க?"

"சாக்கு முழுக்கத்தான். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குடுக்கலாமே."

"நேத்து நீங்க மார்க்கெட்ல வாங்கின கெணசுப் பை எங்க?"

யோசித்தார். மேலே பார்த்தார். "ஸ்கூட்டர் டிக்கில இருக்கும்" என்றார். இருந்தது. சொல்லும்போதே அவருக்கும் உறைத்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். எந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. அந்தச் சத்தத்தில்தான் அம்மா உள்ளே வந்தாள்.

குண்டாவைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். உரித்து வைத்ததில் ஒன்றை எடுத்து, விரலால் அமுக்கினாள். அது மாவாக நசுங்கியது.

"சாப்பிட்டுட்டீங்களா மாப்ளை? வயித்துக்கு ஒண்ணும் பண்ணலீங்களே?" என்று கேட்டாள்.

கணேஷ் இல்லை என்று தலையை ஆட்டினார். அவருக்குக் கன்னடமும் மறந்துவிட்டது. அம்மா துணிக் கிழிசல்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக நீவி மடித்து, மடியில் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். மாப்பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து, "மத்ததெல்லாம் நர்சரில வாங்கிக்கலாம்மா" என்றேன்.

"ரவிக்கைய எந்த நர்சரில வாங்குவ?"

கதவுக்குப் பின்னாலிருந்து கணேஷின் குரல் மெதுவாக வந்தது. "பக்கத்து வீட்டு பக்கெட்டுல இருக்குதே, அத்தை."

அவரைச் சுட்டெரிப்பது போலப் பார்த்தேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள்.

பகல் முழுக்க யாருக்கும் சோறு இறங்கவில்லை. மைசூரில் சங்கராந்தி சாயங்காலம் எள்ளு பெல்லம் கொடுக்கப் போவார்கள். வறுத்த எள், வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து, கரும்புத் துண்டோடு தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுத்து, வருஷம் முழுக்க நல்ல வார்த்தை பேசுவோம் என்று சொல்லிவிட்டு வருவது. சண்டைக்காரர்கள் வீட்டுக்குக்கூடப் போகலாம். விளக்கு வைத்ததும் அம்மா புடவை மாற்றிக்கொண்டு தட்டோடு வந்து, "நீயும் வா. தனியாப் போனா எனக்குக் கால் வராது" என்றாள்.

கனகாதான் கதவைத் திறந்தாள். ரெண்டு பேரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவள் புருஷன் நஞ்சுண்டசாமி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனகா, என்ற கெழங்கெல்லாம் வெந்து போச்சு" என்றாள் அம்மா.

கனகாவுக்குப் புரியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். கெணசு, கெழங்கு என்று நான் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கை வாயிலிருந்து இறங்கியது.

"ரவிக்கையுமா?"

"ரவிக்கையுந்தான்" என்றாள் அம்மா. "உன்னையத் தெருவுல வெச்சு என்ன சொன்னேன்னு எனக்கு மறக்கல. கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல. இருந்தாலும் கேக்கறேன். உங்கிட்ட இருக்கறதுல ஒரே ஒரு வெரல் கெழங்கு குடு."

கனகா எள்ளு பெல்லத்தை வாங்கிக்கொண்டாள். தன் பங்குக்கு அம்மாவின் தட்டில் கரும்பு வைத்தாள்.

"குடுக்க மாட்டேன் அக்கா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! நல்ல நாளும் அதுவுமாக, வயசான மனுஷி வாசலில் வந்து கேட்கிறாள், இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! வாயைத் திறந்தேன். அதற்குள் கனகா உள்ளே திரும்பிப் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏன்றீ, நான் துணி துவைக்கப் போறேன். பின் கேட்டைச் சாத்தலை. நீங்க பாட்டுக்கு டிவி பாருங்க, பின்பக்கம் வராதீங்க!"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவையும் சாத்திவிட்டாள். சங்கராந்தி சாயங்காலம், பட்டுப்புடவையில், எந்தப் பைத்தியம் துணி துவைக்கும்? நான் அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, இவ மூஞ்சில இனி முழிக்க வேண்டாம்" என்றேன்.

அம்மா நகரவில்லை. அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அழுத கண்ணோடு சிரித்தாள்.

"கூறு கெட்டவளே. அவ குடுத்தா பொழைக்காதுங்கறா" என்றாள். "தட்டப் புடி. பொறகால போலாம்."

பின் கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே குளியலறைக் கல்லில் துணி அடிக்கும் சத்தம் தொப்பு தொப்பென்று கேட்டது. தண்ணீர்ச் சத்தமே இல்லை. காய்ந்த துணியைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். நஞ்சுண்டசாமி டிவி சத்தத்தை வேறு கூட்டிவிட்டார். பெயின்ட் பக்கெட்டில் கறுத்துக் காய்ந்த தண்டு நின்றது. நான் கேட்டுக்குப் பக்கத்தில் கரும்புத் தட்டோடு காவல் நின்றேன். யாருக்குப் பயந்து காவல் நின்றேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

அம்மா குந்த உட்கார்ந்து மண்ணுக்குள் கையை விட்டாள். கொத்தாகக் கிழங்கு பெருத்திருந்தது. அதன் கழுத்தில் அரக்குத் துணி. அம்மாவே கத்தரித்துக் கட்டிய ரவிக்கை மடிப்பு. மண்ணில் கிடந்து மக்கிவிடாமல் இருக்க, பாலித்தீன் காகிதம் சுற்றி, நூலால் கட்டிப் பாதுகாத்து வைத்திருந்தாள் கனகா.

"பாருடி, அவுத்துப் போடாம வெச்சிருக்கா" என்றாள் அம்மா. மண் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முளைக்கண் உள்ள ஒரு விரலை மட்டும் ஒடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு, மண்ணை மூடி, எழுந்தாள். துணியை அதற்கே விட்டுவிட்டாள். நாங்கள் கேட்டைத் தாண்டும் வரைக்கும் அந்தப் பக்கம் துணி அடிபட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாளிலிருந்து பழையபடி பேசிக்கொண்டார்களா என்றால், அதுவும் இல்லை. வலைத்துணி அப்படியே இருந்தது. முளைக்குமோ முளைக்காதோ என்று அம்மா வாயைத் திறக்காமல் கிடந்தாள். கோடை மழைக்குப் பின் நட்டாள். முளைத்தது. சும்மா சொல்லக் கூடாது, கணேஷ்தான் தினமும் தண்ணீர் ஊற்றினார். கேட்கிறதையெல்லாம் கன்னடத்திலேயே கேட்டார்.

தசரா ஆரம்பித்த வாரம், விடிந்தும் விடியாததுமாக வாசலில் அம்மாவின் குரல்.

"ஏய் திருடீ!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடியுமா என்று மாடியிலிருந்து விழுந்தடித்து இறங்கினேன். அம்மா காய் நறுக்குகிற கத்தியால் வலைத்துணியின் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தாள். வலை சரிந்து விழுந்தது. அந்தப் பக்கம் கனகா, வாயில் பிரஷ்ஷோடு.

"யாரு அக்கா திருடி? சங்கராந்தி அன்னைக்கு என் பக்கெட்டுல கை வெச்சது யாரு?"

"நாந்தாண்டி. பூத்திருச்சு. வா வந்து பாரு."

கனகா வாய் கொப்பளித்துவிட்டு ஓடி வந்தாள். ரெண்டு பேரும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். கனகா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நோடி அக்கா, நுனில வெள்ளை கொஞ்சம் ஜாஸ்தி ஆயிருக்கு" என்றாள்.

"அதத்தாண்டி நானும் நெனச்சேன்" என்றாள் அம்மா. அவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அவர்கள் ரெண்டு பேரும் அசையவில்லை. நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.